இரவல் பதிவேட்டை வாசித்த எழுத்தாளர்

இந்த ஆய்வு கொழும்பு வடக்கில் உள்ள ஒரு தமிழ்மொழிப் பாடசாலையைப் பற்றியது. அங்கே நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை ஒருவரும் வெள்ளவத்தையில் வசிக்கும் சிறுவர் எழுத்தாளர் ஒருவரும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சேர்ந்து வேலை செய்தார்கள். பாடசாலையையும் அவ்விருவரையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். அது அவர்கள் கேட்டுக்கொண்டது. நூலகத்தில் உட்கார்ந்து பார்த்ததும், இருவரோடும் தனித்தனியே பேசியதும், அவர்கள் அனுமதித்த அளவுக்குப் பதிவேடுகளைப் புரட்டியதுமே இதற்கு ஆதாரம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளரைப் பாடசாலைக்கு அழைப்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் வாசகராகிவிடுவதில்லை. எந்த வகுப்புப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் மூடிவைத்தது என்று அறிந்த ஒருவர் பாடசாலைக்குள்ளேயே இருக்கிறார். அவர் நூலகர். அவர் அறிந்தது எழுத்தாளரின் மேசைவரை போய்ச் சேரவேண்டும். தமிழில் சிறுவர் நூல்கள் அதிகம் வெளிவராத, வந்தவையும் பிள்ளைகளின் கைக்குப் போகாத இந்த நகரத்தில் அதைவிட அவசரமான வேலை எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பு மாதத்தில் நடந்தது

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை முன்னின்று நடத்த, பாடசாலைகளும் உள்ளூராட்சி நூலகங்களும் போட்டி, கண்காட்சி, ஊர்வலம் என்று ஈடுபடுகின்றன. எழுத்தாளரை அழைப்பதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். இந்தப் பாடசாலையிலும் அப்படித்தான் தொடங்கியது. வாசலில் பாண்ட் வாத்தியம், மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை. தரம் 6 முதல் 11 வரையான மாணவர்கள் மண்டபத் தரையில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். எழுத்தாளர் வாசிப்பின் பயன்களைப் பற்றிப் பேசினார். நடுவே தன் கதையொன்றிலிருந்து ஒரு துண்டைச் சொன்னார். ஆமையொன்று பஸ்ஸில் ஏறி, இறங்கும் இடம் வருவதற்குள் இறங்கத் தொடங்கும் இடம் அது. மண்டபம் முழுவதும் சிரித்தது. பின்னர் பொன்னாடை, நினைவுச்சின்னம், குழுப்படம், சிற்றுண்டி. அவர் கொண்டுவந்த இரண்டு பிரதிகள் அதிபரிடம் கையளிக்கப்பட்டன. அவை அதிபர் அறையின் கண்ணாடி அலுமாரிக்குப் போயின.

மறுநாள் இடைவேளையில் தரம் 6 மாணவி ஒருத்தி நூலக வாசலுக்கு வந்து, "மிஸ், ஆமை பஸ்ஸில் ஏறிய புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை. அடுத்தடுத்த நாட்களில் வேறு பிள்ளைகளும் வந்து கேட்டார்கள். ஒரு வாரத்தில் கேட்பது நின்றுபோனது.

நூலக ஆசிரியை என்னோடு பேசியபோதெல்லாம் அந்த ஒரு வாரத்துக்கே திரும்பி வந்தார். விழாவை அவர் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், எழுத்தாளர் என்றால் உயிருள்ள ஒரு மனிதர் என்று கண்டார்கள், அதுவும் பெறுமதிதான் என்றார். ஆனால் ஆசை வந்த நேரத்தில் நூல் கையில் இல்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நூலகப் பயிற்சிக்குப் போன எவரும் மனப்பாடமாகச் சொல்லும் விதி இது. இங்கே வாசகர் தானாகவே தேடி வந்து நின்றார். நூலோ சில அறைகளுக்கு அப்பால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

முதுகில்லாத புத்தகங்கள்

அந்த நூலகம் முன்னர் வகுப்பறையாக இருந்தது. இரண்டு இரும்பு அலுமாரி, சுவரோரம் மர இறாக்கைகள், நடுவில் நீள மேசை, வாங்குகள். ஆசிரியை தரம் 7க்கும் 8க்கும் தமிழும் கற்பிக்கிறார்; நூலகம் அவருக்கு மேலதிகப் பொறுப்பு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டது முதல் ஆசிரிய நூலகர்களுக்குக் கற்கைநெறிகளை நடத்துகிறது. அவரும் அங்கே படித்தவர். படித்ததைச் செய்யப் பாடவேளை கிடைப்பதுதான் கடினம். நேரசூசியில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. ஒரு ஆசிரியர் லீவு என்றால் முதலில் பறிபோவது அது. தரம் 5க்கு அது இருப்பதே பெயரளவில்தான். புலமைப்பரிசில் பரீட்சை அதை விழுங்கிவிடுகிறது.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. சங்க இலக்கிய உரையும், திறனாய்வும், பெரியவர்களுக்கான நாவலும், சின்னப் பிள்ளைகளின் முயல் கதையும் ஒரே எண்ணின் கீழ் ஒரே இறாக்கையில் நின்றன. அதற்கு மேல் இன்னொரு தொல்லை. நம் சிறுவர் நூல்களில் பெரும்பாலானவை 16 பக்கம், 24 பக்கம், மிஞ்சினால் 32 பக்கம். நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகு இல்லை. முதுகில் ஒட்டவேண்டிய பகுப்பெண் சீட்டை ஒட்ட இடமில்லை. இறாக்கையில் நிறுத்தினால் இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவே காணாமற்போய்விடும். ஒரு பிள்ளை அந்த இறாக்கைக்கு முன்னால் நின்றால் அவளுக்கான புத்தகங்கள் அவள் கண்ணுக்கே படாது.

ஆசிரியை செய்த முதல் காரியம் சிறுவர் நூல்களை அந்த வரிசையிலிருந்து வெளியே எடுத்ததுதான். பழக்கடையிலிருந்து வாங்கிய பிளாஸ்டிக் கூடைகளில் அட்டை முன்னால் தெரியும்படி அடுக்கி, வாங்கின் உயரத்தில் வைத்தார். எண்ணுக்குப் பதிலாக அட்டையின் மூலையில் நிறச்சீட்டு ஒட்டினார்: விலங்குக் கதைக்குப் பச்சை, பேய்க் கதைக்குக் கறுப்பு, அறிவியலுக்கு நீலம். பேய்க் கதைக்குத் தனி நிறம் கொடுத்ததைச் சில ஆசிரியர்கள் விரும்பவில்லை. பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்ட நிறம் அதுதான்.

வெளியீட்டு விழாவின் கணக்கு

எழுத்தாளரின் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனெனில் குற்றம் அவரிடமும் இல்லை.

அவர் தன் நூல்களைத் தானே அச்சிடுகிறார். ஐந்நூறு பிரதி அச்சிட்டால் அது அவருக்குப் பெரிய தொகை. 2022இல் தாள் நெருக்கடி வந்தபோது அவருடைய ஒரு நூல் அச்சகத்திலேயே நின்றுபோனது. அந்த ஆண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தாள் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தாள் வந்தபின் விலை வந்தது. 2024 ஜனவரி முதல் நூல்களுக்கும் 18 வீத பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. நிறப் படங்களோடு ஒரு சிறுவர் நூல் அச்சிடுவது என்பது கையைக் கடிக்கும் காரியமாகிவிட்டது.

இந்தச் செலவை அவர் எப்படி மீட்கிறார்? கொழும்பில் தமிழ் நூல் எழுதும் எவரும் மீட்கும் வழியில்தான். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ வேறு மண்டபத்திலோ வெளியீட்டு விழா வைப்பார். முதற்பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதிகள். நண்பர்களும் உறவினர்களும் கடித உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் பிரதியை வாங்கிப் போவார்கள். இது நல்ல மரபு. நம்மவர்களின் பெருந்தன்மை இல்லாவிட்டால் இலங்கையில் பாதித் தமிழ் நூல்கள் வெளிவந்தே இருக்காது. ஆனால் சிறுவர் நூலைப் பொறுத்தவரை இதன் விளைவைப் பாருங்கள்: முதற்பிரதி முதல் கடைசிச் சிறப்புப் பிரதி வரை எல்லாம் பெரியவர்களின் கைக்கே போகின்றன. விழாவில் நூலை ஆய்ந்து பேசுபவரும் பெரியவர். பத்திரிகையில் மதிப்புரை எழுதுபவரும் பெரியவர். தன் நூலை ஒரு பத்து வயதுப் பிள்ளை எங்கே ரசித்தது, எங்கே சலித்தது என்று எழுத்தாளருக்குச் சொல்ல ஆளே இல்லை.

மிச்சப் பிரதிகள் வீட்டில் பெட்டியில் இருக்கும். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள புத்தகக் கடைகள் சில பிரதிகளை விற்றுத்தரும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் தமிழ்க் கூடங்கள் இருக்கின்றன. சிங்களச் சிறுவர் நூல்களுக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைக் கூட்டத்தைக் கண்டுவிட்டு அந்தத் தமிழ்க் கூடங்களுக்கு வந்தால் மனம் கனக்கும். 1980 முதல் பாடநூல்களை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அது இந்த நாட்டின் பெரிய நன்மைகளில் ஒன்று. கதைப்புத்தகத்தைப் பணம் கொடுத்து வாங்கும் பழக்கம் மட்டும் பல வீடுகளில் வேரூன்றவில்லை. ஆகையால் மட்டக்குளியிலோ முகத்துவாரத்திலோ வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் கிடைக்கக்கூடிய இடம் பாடசாலை நூலகம்தான். 1925இல் தொடங்கிய கொழும்பு பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. அங்கே கூட்டிப்போகப் பெற்றாருக்கு நேரமும் பஸ் காசும் வேண்டுமே.

பதிவேடும் கொப்பியும்

விழா முடிந்து சில வாரங்களின் பின் ஆசிரியை எழுத்தாளருக்குத் தொலைபேசியில் பேசினார். "சேர், இன்னொரு நாள் வாருங்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. என்னுடைய பதிவேட்டை ஒருமுறை பாருங்கள்," என்றார். இந்த ஆய்வு முழுவதும் அந்த அழைப்பிலிருந்து பிறந்தது. எழுத்தாளர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்ட பிறகு.

முதலில் இரவல் பதிவேடு. ஆசிரியை ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, பெயர் நிரலை மறைத்துக் கிளிப் போட்டிருந்தார். எந்தப் பிள்ளை எதை வாசித்தது என்பது பிள்ளைக்கும் நூலகருக்கும் மட்டும் உரியது என்றார். அதிபர் கேட்டாலும் அப்படித்தான் காட்டுவாராம். வகுப்பு, நூலின் பெயர், கொடுத்த திகதி, திரும்பிய திகதி மட்டும் தெரிந்தன. பேய்க் கதைகள், விடுகதைகள், 'ஏன், எப்படி' வகை அறிவியல் நூல்கள், கிரிக்கெட் வீரர்களின் வரலாறு ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தன. இலங்கை எழுத்தாளர்களின் சிறுவர் கதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. போன மறுநாளே திரும்பியிருந்தன.

மறுநாளே திரும்பினால் இரண்டு பொருள் உண்டு. ஒரே மூச்சில் வாசித்திருக்கலாம். திறந்து பார்த்து மூடியிருக்கலாம். எது என்று பதிவேடு சொல்லாது. அதற்காக ஆசிரியை தனியாக ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். நூலைத் திருப்பித் தரும் பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்பார்: "எதுவரை வாசித்தாய்?" 'பிடித்ததா' என்று கேட்கமாட்டார். கேட்டால் பிள்ளை மரியாதைக்கு 'ஆம்' என்றுதான் சொல்லும். எதுவரை என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டும். அதைப் பெயரில்லாமல், வகுப்பை மட்டும் போட்டு எழுதிக்கொள்வார்.

அந்தக் கொப்பியின் சில வரிகளை அவருடைய அனுமதியோடு தருகிறேன். "தரம் 4. பக்கம் 9 வரை. எழுத்துச் சின்னது." "தரம் 6. படம் மட்டும் பார்த்தாள். தம்பிக்குப் படத்தைக் காட்டிக் கதை சொன்னாளாம்." "தரம் 5. முழுவதும். அம்மா பாடப் புத்தகத்துக்குள் கண்டு பறித்துவிட்டார், பிறகு அம்மாவும் வாசித்தார்." "தரம் 4. பக்கம் 3. 'கதை எப்போது தொடங்கும்?' என்று கேட்டான்."

எழுத்தாளர் தன்னுடைய நூல்களைப் பற்றிய குறிப்புகளைத் தேடினார். இருந்தவை சிலவே. பக்கம் 9இல் நிறுத்தியது அவருடைய நூல்தான். அவர் அந்த இடத்திலேயே நூலைக் கூடையிலிருந்து எடுத்துப் பக்கம் 9ஐத் திறந்தார். தாளை மிச்சம் பிடிக்க அச்சகத்தில் எழுத்தைச் சிறிதாக்கி, வரிகளை நெருக்கி, ஒரு பக்கத்தில் இரண்டு பக்கச் சரக்கை ஏற்றியிருந்தார்கள். அதோடு இரு ஓரமும் நேராக வருமாறு வரிகள் இழுக்கப்பட்டிருந்தன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பக்கத்தில் அப்படி இழுத்தால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பள்ளம் விழும். விரல் வைத்து வாசிக்கும் பிள்ளை ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது அடுத்த வரிக்கு வழுக்கிவிடும். ஆசிரியை தன் சுட்டுவிரலை வைத்து அது நடப்பதைச் செய்து காட்டினார்.

இலக்கிய நயம், கற்பனை, பாத்திரப் படைப்பு என்று பேசிப் பேசி, நம் சிறுவர் இலக்கியக் கூட்டங்கள் எழுத்தின் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அதுதான் வாசற்படி. அடுத்த நூலில் எழுத்தைப் பெரிதாக்கி, இடது ஓரத்தை மட்டும் நேராக்கி, வலது ஓரத்தை நேராக்காமல் விட எழுத்தாளர் தீர்மானித்தார். பக்கம் கூடும், செலவும் கூடும். அட்டையின் பளபளப்பைக் குறைத்து ஈடுகட்டலாம் என்றார் அச்சகத்தார்.

வாங்கில் ஒரு கையெழுத்துப் பிரதி

அடுத்த தவணையில் எழுத்தாளர் புதிய கதை ஒன்றின் பிரதியோடு வந்தார். தட்டச்சிட்ட தாள்கள், படங்கள் இல்லை. தரம் 4 பிள்ளைகள் சிலர் வாங்குகளில் அமர்ந்தார்கள். ஆசிரியை ஒரு நிபந்தனை விதித்தார்: வாசிப்பது அவர், எழுத்தாளர் அல்லர். எழுத்தாளர் நன்றாகக் கதை சொல்லக்கூடியவர்; அவருடைய குரல் பிரதியின் ஓட்டைகளை மூடிவிடும். நூல் வீட்டுக்குப் போகும்போது அந்தக் குரல் கூடப் போகாது. ஆகவே அவர் பிள்ளைகளுக்குப் பின்னால், யன்னலோரம், இன்னொரு பிரதியோடும் பென்சிலோடும் உட்கார்ந்தார்.

ஆசிரியை ஏற்ற இறக்கமில்லாமல், ஒரு தாய் இரவில் களைப்போடு வாசிப்பதைப் போல வாசித்தார். பிள்ளைகள் அசையாத இடத்தில் எழுத்தாளர் கோடு போட்டார். கால் ஆடிய இடத்தில், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டிய இடத்தில், யன்னலைப் பார்த்த இடத்தில் புள்ளடி. வன்னிக் கிராமம் ஒன்றில் அம்மம்மாவோடு வாழும் சிறுவனும் அவனுடைய ஆட்டுக்குட்டியும்தான் கதை. மூன்றாம் தாளில் நிலவையும் வயலையும் காற்றையும் வருணிக்கும் ஒரு பந்தி. புள்ளடிகள் வரிசையாக விழுந்தன. ஆட்டுக்குட்டி தொலைந்துபோன இடத்தில் ஒரு புள்ளடியும் இல்லை.

பிறகு கேள்விகள். தொடர்மாடியில் வசிக்கும் சிறுவன் ஒருவன், "சேர், ஆடு இரவில் எந்த மாடியில் படுக்கும்?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அவர்களுக்கும் அதுதான் சந்தேகம். இன்னொருத்தி, முஸ்லிம் மாணவி, எல்லாப் புத்தகத்திலும் மாலாவும் ரவியும்தான் வருகிறார்கள், என் பெயரில் யாரும் வருவதில்லையா என்று கேட்டாள். கடைசியாக ஒருத்தி சொன்னதுதான் எழுத்தாளரைத் தூங்கவிடாமல் செய்தது. இறுதித் தாளில் அம்மம்மா பேரனை மடியில் இருத்தி, பிராணிகளிடம் அன்பு காட்டவேண்டும் என்று அறிவுரை சொல்வார். அதைக் கேட்டு முடித்ததும் அவள், "கதை முந்திய பக்கத்திலேயே முடிந்துவிட்டதே, மிஸ்," என்றாள்.

எழுத்தாளர் கிராமத்தை விடவில்லை. விடவேண்டும் என்று ஆசிரியையும் சொல்லவில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு வயலும் பட்டியும் தெரியாது என்பதற்காக அவற்றைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் அவர்கள் பிறகு எங்கே காண்பார்கள்? அவர் பார்வையை மாற்றினார். திருத்திய பிரதியில் கதை கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும் சிறுவனோடு தொடங்குகிறது. முதலிரவில் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஏதோ சத்தம் கேட்கிறது. அவன் பயந்துகொண்டே போய் ஆட்டுக்கொட்டிலைக் காண்கிறான். மாடிக் கேள்விக்கு விடை அங்கே கிடைத்துவிடுகிறது. அயல் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தது. பெயரை மட்டும் மாற்றி ஒட்டாமல், ஆட்டைத் தேடும் வேலையில் பாதியை அந்த வீட்டுச் சிறுமி செய்கிறாள்.

அறிவுரைத் தாளை எடுப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. சிறுவர் நூலை வாங்கும் பெரியவர்கள் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, 'இதில் என்ன படிப்பினை' என்று பார்ப்பவர்கள். பரிசுத் தெரிவுக் குழுக்களும் அப்படியே என்பது அவருடைய அனுபவம். சில வாரங்கள் யோசித்துவிட்டு எடுத்தார். நான் அந்த முடிவை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆடு தொலைந்தபோது மூச்சுவிடாமல் இருந்த பிள்ளைக்கு அன்பைப் பற்றி மேலும் சொல்ல எதுவுமில்லை.

பூட்டு ஏன் விழுகிறது

நூல் வந்தால் மட்டும் போதாது, அது வெளியே போகவேண்டும். பாடசாலை நூலகங்களின் அலுமாரிகள் பூட்டியிருப்பதைக் கண்டு நூலகர்களைக் குறை சொல்பவர்கள் ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பைப் பற்றி அறியாதவர்கள். வந்த நூல்களை இலக்கமிட்டு எழுதும் வரவுப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நூலும் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பாசிரியர் விளக்கம் எழுதவேண்டும், சில இடங்களில் பணமும் கட்டவேண்டும். ஒரு 24 பக்கப் புத்தகத்துக்காக அந்த அவமானத்தை யார் சுமப்பார்? பூட்டுவதுதான் பாதுகாப்பு.

இந்த ஆசிரியை அதிபரோடு பேசி இரண்டு ஒழுங்குகளைச் செய்தார். கூடைகளில் உள்ள மெல்லிய நூல்களைத் தனிப் பதிவேட்டில் எழுதினார். கிழிந்ததையும் தொலைந்ததையும் ஒவ்வொரு தவணை முடிவிலும் பட்டியலிட்டு, உரிய முறையில் பதிவிலிருந்து நீக்க அதிபரிடம் கையொப்பம் வாங்கினார். ஆண்டு முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் வெடிக்கும் கணக்கு, சிறுசிறு தாள்களாகத் தீர்ந்தது. இரண்டாவது, பிறந்தநாள் நூல். பிறந்தநாளன்று பிள்ளைகள் வகுப்புக்கு டொபி கொடுப்பது வழக்கம். விரும்பிய பெற்றார் அதற்குப் பதில் ஒரு நூல் கொடுக்கலாம். முதற் பக்கத்தில் பிள்ளையின் முதற்பெயர் எழுதப்படும். வசதியில்லாத பிள்ளைக்கு மனம் நோகக்கூடாது என்பதால், நூலக மாணவர் குழு அவர்களுடைய பெயரிலும் பழைய நூல்களுக்கு அட்டை போட்டுக் கொடுக்கிறது.

எழுத்தாளரின் ஆமை நூலும் புதிய ஆட்டு நூலும் இப்படித்தான் பல பிரதிகளாக வந்தன. ஒரு நூலுக்கு ஒரு பிரதி என்ற வழக்கம் சிறுவர் நூலுக்குப் பொருந்தாது என்பது ஆசிரியையின் உறுதியான கருத்து. இரண்டு தோழிகள் ஒரே வாரத்தில் ஒரே கதையை வாசித்தால்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த ஒக்டோபர் விழாவுக்கு முன்பே நூல்கள் கூடைகளில் இருந்தன. எழுத்தாளர் வந்தபோது பிள்ளைகள் வாசித்துவிட்டிருந்தார்கள், உரை தேவைப்படவில்லை. அவர்கள் கேள்வி கேட்டார்கள், அவர் பதில் சொன்னார், மணி அடித்த பிறகும்.

சரிவராதவை

தரம் 9க்கு ஏற்பாடு செய்த அமர்வு தோற்றது. அதே ஆமைக் கதையைக் கையில் கொடுத்தபோது அவர்கள் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்று, அவர்களுடைய நகரத்தையும் நட்பையும் பயத்தையும் கொண்டு இலங்கையில் எழுதப்பட்ட நூல்களைத் தேடிப் பாருங்கள். ஆசிரியை கூடை ஒன்றை வைத்து நிரப்ப முயன்றார், நிரம்பவில்லை. முயல் கதையிலிருந்து பிள்ளைகள் நேராகப் பெரியவர்களின் நாவலுக்குத் தாவுகிறார்கள், அல்லது வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் பழைய ஈழத்துச் சிறுவர் நூல்கள் பல பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தாளர் அவற்றில் தேடி எடுத்துக் கொடுத்த சிலவும் சின்னப் பிள்ளைகளுக்கே உரியவையாக இருந்தன. என் பார்வையில் நம் சிறுவர் இலக்கியத்தின் மிகப்பெரிய பள்ளம் இதுதான்.

எழுத்தாளருக்கு ஊதியம் கொடுக்கவும் வழி பிறக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் பொன்னாடை, மாலை, பதாகை, நினைவுச்சின்னம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கக்கூடிய பாடசாலை, அதே பணத்தில் அவருடைய நூல்களை விலை கொடுத்து வாங்கலாம். அவருக்கு அதைவிட நல்ல மரியாதை கிடையாது. இதை அதிபரிடம் நானும் சொன்னேன். பதாகை போடுவது மட்டும் நிறுத்தப்பட்டது. பொன்னாடையைக் கைவிட அதிபருக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, எல்லாம் ஒருவரின் தோளில் நிற்கிறது. ஆசிரியைக்கு அடுத்த ஆண்டு இடமாற்றம் வரக்கூடும். புதிதாக வருபவருக்கு நூலகப் பயிற்சி இருக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதிபர் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கிடையில் ஆசிரியை அந்த சீ.ஆர். கொப்பிக்கு ஒரு வரவு இலக்கம் இட்டு, நூலக முத்திரை குத்தி, வரவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார். இனி ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் அதையும் எடுத்துக் காட்டியாக வேண்டும்.

தரம் 8, 9க்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கும் இளம் பெண் எழுத்தாளர் ஒருவர் தன் பிரதியின் முதல் மூன்று அத்தியாயங்களைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். இரண்டாம் தவணை தொடங்கியதும் அவை தரம் 9 மாணவர்களின் கைக்குப் போகும். இம்முறை ஆசிரியை வாசிக்கப் போவதில்லை. அவர்கள் தனித்தனியே வாசித்து, நிறுத்திய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தரவேண்டும்.